சாப்ட்டியா என்ற பேட்ச் நம்பர்

இத்தாலிக்காரன் வாங்கிய எங்கள் கம்பெனியை நான் விழுப்புரத்துக்காரனுக்கு விற்றுவிட்டேன். வாயால்தான். ஆனாலும் ஒரு வாரம் அந்த விற்பனை செல்லுபடியானது. என் பேச்சை நம்பிச் சிலர் எல்லைக்கு அந்தப் பக்கம் வாடகை வீடு பார்க்கப் போனார்கள். ஒருவர் பால் காய்ச்சிக் குடியே போய்விட்டார்.

நடந்தது இதுதான். புதுச்சேரி சேதராப்பட்டில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி எங்களுடையது. அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும், குழந்தைகளால் திறக்க முடியாது. பெரியவர்களாலும் முடியாது, அதை விளம்பரத்தில் போடுவதில்லை. என் மனைவி அங்கே தரப் பிரிவில் இருந்தாள். நான் டெஸ்பாட்சில், அதாவது மூடிகளை அட்டைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, லாரியில் ஏற்றிவிடும் இடத்தில். அவள் டிப்ளமோ படித்து முடித்தவள். நான் டிப்ளமோ படித்தவன். இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. என் அண்ணன்தான் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு மதியம் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. கம்பெனிய விக்கப் போறாங்களாம். கிராஸ் பார்டர் டீலாம்."

என்னைப் போன்ற வில்லியனூர்க்காரனிடம் வந்து பார்டர் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? எங்களுக்கு எல்லை என்பது முள்வேலியும் துப்பாக்கியும் இல்லை. வீட்டிலிருந்து வண்டியை எடுத்தால் கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. வரைபடத்தை எலி கடித்துத் துப்பின மாதிரி கிடக்கிறோம். பெட்ரோல் பங்கும் பிராந்திக் கடையும் தோளோடு தோள் நின்றால் எல்லை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஊசுட்டேரியில் பாதித் தண்ணீர் அவர்களுடையது, பாதி எங்களுடையது. தினம் வேலைக்குப் போய் வருவதற்குள் எத்தனை தடவை மாநிலம் தாண்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. இந்த அனுபவ பலத்தில் நான் உடனே தீர்ப்பு சொன்னேன்.

"அப்போ தமிழ்நாட்டுக்காரன்தான் வாங்குறான். மெஷின எல்லாம் தூக்கிக்கினு ரோட்டுக்கு அந்தாண்ட போயிடுவான் பாரு."

"யார் சொன்னா?"

"நீதானே சொன்ன, பார்டர்னு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சாதத்தைப் பார்த்தாள். இரண்டில் எதற்குப் பதில் சொல்லலாம் என்று யோசித்த மாதிரி இருந்தது. கடைசியில் சாதத்தையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் கேட்டுக்கு வெளியே டீக்கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பியது யார் என்று கேட்க வேண்டாம். பேக்கிங் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். "அந்தாண்ட போயிட்டா நமக்கு டவுன் பஸ்ஸு ஃப்ரீடி!" ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. "உனுக்கு பஸ்ஸு ஃப்ரீ. எனுக்கு குவாட்டர் வெல ஏறுமே, அத எவன் குடுப்பான்?" பால் காய்ச்சியவரும் அவர்தான். வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அவசரப்பட்டுவிட்டார். இன்றைக்கும் அங்கிருந்துதான் வருகிறார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஹாரன் அடிக்கிறார், வழி விடுவதற்காக இல்லை.

அடுத்த வாரம் ஷாமியானா போட்டு எல்லோரையும் உட்காரவைத்தார்கள். இத்தாலியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் என்றதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிரெஞ்சுதான் ஞாபகம் வரும். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று "போன்ழூர்" என்று கும்பிட்டார். அவர்களும் பாவம், திருத்தாமல் கும்பிட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் பேசப் பேச எங்கள் பர்சனல் மேனேஜர் தமிழில் சொன்னார். ஒரே குடும்பம், ஒரே கனவு என்கிற வரைக்கும் நன்றாகப் போயிற்று. சினர்ஜி என்று ஒரு வார்த்தை வந்ததும் நின்றுபோனார். "சினர்ஜி… அதாவது… சினர்ஜி" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சார், எனர்ஜின்னா தெரியும், அலர்ஜின்னா தெரியும். இது ரெண்டுக்கும் நடுவுலயா?"

கூட்டம் சிரித்தது. இத்தாலிக்காரர் என்ன கேள்வி என்று கேட்டார். மேனேஜர் பதற்றத்தில் எனர்ஜியைப் பற்றிக் கேட்கிறார் என்று சொல்லிவிட்டார். உடனே இத்தாலிக்காரர் கரண்ட் செலவை எப்படிக் குறைப்பது என்று ரொம்ப நேரம் பேசினார். நடுநடுவே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இப்படி ஒரு பொறுப்பான தொழிலாளி தனக்கு வாய்த்திருக்கிறானே என்று அவருக்கு மனசு நிறைந்திருக்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் கேட்டேன். அண்ணனுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் மாட்டுத் தீவனக் கடை. சில வருஷம் முன்னால் பாகூரிலும் ஒரு தீவனக் கடையை வாங்கிப்போட்டிருந்தார்.

"ஏண்ணா, அவ்ளோ தூரத்துல இருக்கறவன் இங்க வந்து ஒரு மூடிக் கம்பெனிய எதுக்கு வாங்கறான்? அவன் ஊர்ல பாட்டிலத் தொறந்தேவா வெச்சினு இருக்கான்?"

"நான் பாகூர் கடைய எதுக்குடா வாங்கினேன்?"

"உன் தொல்ல தாங்காம வில்லியனூர் ஜனம் பாகூருக்கு ஓடிப்போச்சி. நீ தொரத்திக்கினு போன."

"த்தூ. பக்கத்துலயே எடம் காலியா இருந்துச்சி, புதுசா தொறந்திருக்கலாம். எவன் வருவான்? கரும்புக்காரன், நெல்லுக்காரன் எல்லாம் வருஷக்கணக்கா அந்தக் கடையிலதான் புண்ணாக்கு வாங்கினிருந்தான். நான் கடைய வாங்கலடா. அவனுங்க கால் பழக்கத்த வாங்கினேன். போர்டக்கூட மாத்தல பாத்தியா?"

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். அண்ணன் எதிரே அவள் என்னை 'வாங்க போங்க' என்பாள். "மாமா சொல்றது சரிங்க. மருந்துக் கம்பெனிக்காரன் புது ஆள்கிட்ட மூடி வாங்க மாட்டான். சோதனைக்கு மேல சோதனை பண்ணி ஒத்துக்கறதுக்கு வருஷம் ஆவும். நமக்கு அந்த ஒப்புதல் எல்லாம் ஏற்கெனவே இருக்கு. அங்க செஞ்சி கப்பல்ல கொண்டாந்தா சுங்க வரி வேற. இங்கயே செஞ்சா வரி இல்ல. அவங்க காசு இங்க வந்தா பெருசாத் தெரியுது. நம்ம மொதலாளி பசங்க ரெண்டு பேரும் மூடி செய்ய மாட்டேன்னுட்டாங்க."

"இவங்க வாங்கலன்னா வேற எவனாவது வாங்கிடுவான்ற பயமும் இருக்கும்மா" என்றார் அண்ணன். "மூலக்குளத்தான் ஒருத்தன் கேட்டுனு இருந்தான்னுதான் நான் பாகூர்ல அவசர அவசரமா முடிச்சேன்."

எவ்வளவு காரணம் பாருங்கள். வாடிக்கை, வரி, நாணய மதிப்பு, போட்டி, முதலாளி வீட்டுப் பிள்ளைகள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சாயங்காலம் உலகப் பொருளாதாரத்தை ஒரு தட்டு வேர்க்கடலையோடு முடித்துவைத்தோம். ஒரே ஒரு காரணத்தை விட்டுவிட்டோம். அது எங்கள் மூவரில் ஒருத்தியாக உட்கார்ந்து கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தது.

இத்தாலிக்காரர்கள் ஊரில் சின்ன வயசுக்காரர்கள் யாரும் ஃபாக்டரிக்கு வருவதில்லையாம். இருக்கிறவர்களெல்லாம் ஓய்வு பெறுகிற வயசு. இங்கே இருக்கிற தரப் பிரிவிலிருந்து ஆளை அங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள். முதலில் அழைக்கப்பட்டது அவள்தான். ஒரு வருஷம். சினர்ஜி என்றால் என்ன என்று எனக்கு அப்போது புரிந்தது. கம்பெனியும் கம்பெனியும் ஒன்றாகும், நானும் அவளும் இரண்டாவோம்.

விமான நிலையத்தில் கடைசி வரைக்கும் நான் வாயை மூடவில்லை. "அங்க போயி மூடியத் தொறக்கத் தெரியாம முழிச்சி நம்ம மானத்த வாங்காத." சிரித்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று அடுத்த ஜோக்கைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பவில்லை. அந்த ஜோக் என்ன என்று இப்போது மறந்துவிட்டது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் அவள் போயிருக்க மாட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இருந்திருந்தால் நான் இப்படி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

பின் சீட்டில் ஆள் இல்லாத வண்டி வேகத்தடையில் துள்ளுகிறது என்பதை முதல் வாரம் கண்டுபிடித்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் தினமும் அவளோடுதான் போய் வந்தேன். எந்த மிஷினில் எந்த மூடி விரிசல் விட்டது, யார் யாரிடம் முறைத்தார்கள் என்று பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாள். பாதியைக் காற்று தின்றுவிடும். காதில் விழாததற்கெல்லாம் நான் "ஆமா, ஆமா" என்பேன். "இன்னா ஆமா? நான் இன்னா கேட்டேன் சொல்லு?" என்று முதுகில் ஒரு குத்து விழும். ஊசுட்டேரிக் கரையில் மட்டும் பேச மாட்டாள். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவாள். இப்போது காற்று முழுசும் என் காதுக்குத்தான். அதே இடத்தில் நானும் வண்டியை மெதுவாக்குகிறேன். யார் பார்ப்பதற்கு என்று தெரியவில்லை.

எங்கள் மதியச் சாப்பாடு அவளுக்குக் காலைக் காபி. கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு "சாப்ட்டியா?" என்று அனுப்புவேன். "ம்" என்று வரும். சாயங்காலம் மறுபடி "சாப்ட்டியா?" மறுபடி "ம்". இந்த ம்-க்குள் அவள் என்ன சாப்பிட்டாள், யாரோடு சாப்பிட்டாள், உப்பு போதுமா என்று எதையும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் மூடி மாதிரி. அழுத்தித் திருகினாலும் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் இத்தாலிக்காரர்கள் அங்கே சில மிஷின்களை நிறுத்திவிட்டு, இங்கிருந்து மூடி அனுப்பச் சொன்னார்கள். பெட்டி பெட்டியாக அவள் இருக்கும் ஊருக்கே போயிற்று. மூடிக்கு விசா வேண்டாம், பாருங்கள். அவளுடைய மேசைக்குத்தான் சோதனைக்கு வரும் என்று தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஒரு பெட்டியின் உள்மடிப்பில் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: சாப்ட்டியா? அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த லாரியில் இருந்த எல்லாப் பெட்டியிலும் எழுதினேன்.

பெட்டி கடல் தாண்டிப் போனது. புகார் மின்னஞ்சலில் வந்தது.

மீட்டிங் அறையில் சுவர் முழுக்கப் படம் போட்டுக் காட்டினார்கள். என் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே: அடையாளம் தெரியாத பேட்ச் நம்பர், கலப்படம் இருக்கலாம், சரக்கு முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. மருந்து சம்பந்தப்பட்ட இடத்தில் புரியாத ஒரு குறி இருந்தால் அப்படித்தான் செய்வார்களாம். சேதராப்பட்டில் அந்தக் குறி புரியாத ஆள் ஒருவரும் இல்லை என்பதுதான் என் துரதிர்ஷ்டம். பிளான்ட் மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"சாப்…ட்டியா."

பின்னால் நின்ற ஃபோர்க்லிஃப்ட்காரர் பணிவாகச் சொன்னார்: "நான் சாப்ட்டேன் சார்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு நடந்தால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும், வேர் தெரிகிற வரைக்கும். மேனேஜர் என்னை எழுப்பி நிறுத்தி ஆரம்பித்தார்.

"ஏன் எழுதின?"

"கேக்கலாம்னு சார்."

"ஏன் பெட்டியில கேக்கணும்? போன் இல்ல?"

"போன்ல கேட்டா 'ம்'னு மட்டும் சொல்றா சார்."

"ஏன்?"

"வேலை ஜாஸ்தி சார். வந்து படுத்துடறா போல."

"ஏன் அப்ப…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "இனிமே எழுதாதப்பா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அவளே கூப்பிட்டாள்.

"உனக்கு அறிவு இருக்கா? எல்லாரும் என்னைச் சுத்தி நின்னுக்கினு இது இன்னா எழுத்துன்னு கேக்கறாங்க. புகார்ல கையெழுத்துப் போட வேண்டியது நான்."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க ஊர் வணக்கம்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"ஒரு வயசான அம்மா மட்டும் என் முகத்தப் பாத்துட்டு, நாளைக்கு எங்க வூட்டுக்குச் சாப்பிட வான்னு கூப்பிட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அட்டைய எல்லாம் குப்பையில போடச் சொல்லிட்டாங்க. ஒண்ணு மட்டும் கிழிச்சி எடுத்தாந்துட்டேன்." வைத்துவிட்டாள்.

நான் அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை சாப்பிட்டேன்.

அந்த ஒரு வருஷம் முடியப்போகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் வந்தாள். பின்னால் ஜன்னல், அதற்குப் பின்னால் நான் பெயர் தெரிந்துகொள்ள விரும்பாத ஒரு மரம். இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றாள். தரப் பிரிவையே அவள் பொறுப்பில் தருகிறார்களாம்.

"குடும்பத்தோட இருக்கலாம்னும் சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னா சொல்றது? உன்ன வாங்கினவன் மூடியோட சேத்துதானே வாங்கியிருக்கான். ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"நான் கேட்டது ஜோக் இல்ல. வெள்ளிக்கிழம அவங்களுக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள நீ சொல்லு."

திரை அணைந்தது. அணைந்த திரையில் என் முகம் தெரிந்தது. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் போல ஒரு வாரத்தை நான் ஓட்டியதில்லை. வேண்டாம், வந்துவிடு என்று சொன்னால் அவள் கையில் வந்ததைத் தட்டிவிட்டவன் ஆவேன். இரு என்று சொன்னால் மூன்று வருஷம். ஒரு வருஷத்துக்கே வண்டி இப்படித் துள்ளுகிறது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அண்ணனைப் பார்க்கப் பாகூர் கடைக்குப் போனேன். அவர் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தார். வாரத்தில் பாதி நாள் இங்கேதான் தங்குகிறார். வில்லியனூரில் அண்ணி கரித்துக்கொட்டுகிறாள்.

"இன்னாண்ணா, பாகூர்லயே செட்டில் ஆயிட்ட? சின்ன வூடு எதுனா இருக்கா?"

"இருந்தா தவிட்டு மூட்டை மேலயா படுப்பேன்?" எழுந்து உட்கார்ந்தார். "கடைய வாங்கினா கடையில உக்காரணும்டா. வாங்கறப்போ அத எவனும் சொல்ல மாட்டான். உனுக்கு இன்னா, மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

சொன்னேன். அவர் ஜோக் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் வீட்டில் அதுதானே வழக்கம். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"அதுகிட்ட இன்னா சொன்ன?"

"ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

"லூசு" என்றார். பிறகு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

வியாழக்கிழமை முழுக்க எழுதி எழுதி அழித்தேன். முதலில் எழுதியதில் ஜோக் இருந்தது. இரண்டாவதில் அதைவிட நல்ல ஜோக். அதற்கப்புறம் எழுதியது ரொம்ப நியாயமாக இருந்தது. உன் இஷ்டம், உன் முன்னேற்றம் என்று பர்சனல் மேனேஜர் பேசின மாதிரி. அழித்தேன். டேப் ஒட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி, கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்:

"நீ இல்லாம முடியல. ஜோக் இல்ல."

இரண்டு டிக்கும் நீலமாயின. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டிற்று. நின்றது. மறுபடி காட்டிற்று. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். போன் அதிர்ந்தது.

"பாஸ்போர்ட் எடு."